ராகு காலத்துக்கு முன்னால்

மீசைக்காரர் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார், ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர்தான். ஐம்பது வயதிருக்கும். மீசை என்றால் ஏனோதானோ மீசை இல்லை, இரண்டு கன்னத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிற மீசை. அந்த ஆள் அரக்குப் பட்டை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முந்தியைத் தோளில் போட்டு, கையை நீட்டி விரித்து, "பாத்துக்குங்கம்மா, பொண்ணு மணவறையில உக்காந்தா முந்தி இப்படித்தான் விழும்" என்கிறார். என் அம்மா முந்தியைப் பார்க்கிறாள். அப்பாவின் அக்கா ராஜாத்தி அத்தை ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். இந்துஜாவின் அம்மா எதற்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். இந்துஜா எல்லாருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒருத்தன்தான் மீசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து இவர் எத்தனை புடவை கட்டி அவிழ்த்தாரோ, இவரை ஆம்பிளை இல்லை என்று சொல்ல எவனுக்காவது தோன்றுமா. எனக்கு இருபத்தெட்டு வயது, அடுத்த மாதம் கல்யாணம், முறுக்கிவிட மீசை கிடையாது, ஆணுக்கு ரத்தத்தில் இருக்க வேண்டிய ஹார்மோன் ஒரு கிழவருக்கு இருக்கிற அளவுகூட எனக்கு இல்லை என்று தஞ்சாவூரில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த வெள்ளை மெத்தையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் இது தெரியாது. இந்துஜாவுக்குச் சொல்ல வேண்டும். புடவை எடுப்பதற்குள் சொல்லிவிடுவது என்று வேனில் ஏறும்போது எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கூறைப்புடவையை எடுத்தாக வேண்டும் என்றுதான் விடிந்ததும் விடியாததுமாக மன்னார்குடியிலிருந்து கிளம்பித் திருபுவனத்துக்கு வந்திருக்கிறோம். என் அப்பாவும் இந்துஜாவின் அப்பாவும் புடவைக்கும் தங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை என்பதுபோல் டீ குடிக்கப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். நான் போக முடியாது, நான் மாப்பிள்ளை. எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், எனக்குக் கடிகாரம் பயமில்லை, அத்தையின் கைப்பைதான் பயம். அதற்குள் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் குழைத்து வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாலும் இதுதான் நடைமுறை. இதுதான் என்று முடிவானதும் கடைக்காரர் பதறப் பதற நாலு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்துவிடுவாள். "மஞ்ச வச்சாச்சு, இனிமே இது எங்க வூட்டுது, பில்லு மெதுவாப் போடுங்க" என்பாள். அதற்குப் பிறகு மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பெண்ணும் அப்படித்தான். மஞ்சள் பட்டுவிட்டால் இந்துஜா எங்கள் வீட்டுப் பெண், அப்புறம் நான் என்ன சொன்னாலும் அது சொன்னதாக ஆகாது, தலையில் கட்டினதாகத்தான் ஆகும். சொல்ல வேண்டும். ரோஸ் மில்க் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. பட்டு வாசனையும் ஏசிக் குளிரும் சேர்ந்து கண்ணைச் சொக்குகிறது. தூக்கம், எந்நேரமும் இந்தப் பாழாய்ப்போன தூக்கம்.

தூக்கத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கூட்டுறவு வங்கியில் மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் தலை மேஜைக்குப் போய்விடும். "கல்யாணக் கனவா நவநீதன்?" என்று செயலாளர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். கனவா, எனக்கா. இருபது வயதில் சிநேகிதர்கள் எல்லாம் எதையெதையோ சொல்லிப் பெருமூச்சு விடும்போது, எனக்கு ஏன் அப்படியெல்லாம் வரவில்லை என்று யோசிப்பேன், நாம் கொஞ்சம் ஒழுக்கமான பையன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குத் தைராய்டு உண்டு, எனக்கும் அதுதான் என்று எண்ணிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். ஹார்மோன் டாக்டர். வழுக்கைத் தலை, வெடுக் வெடுக்கென்று பேச்சு. "வாரத்துக்கு எத்தனை தடவ ஷேவ் பண்றீங்க?" என்றார். ஒரு தடவை என்றேன், அதுவும் பழக்கத்துக்காகத்தான். "காலைல எந்திரிக்கும்போது எப்படி இருக்கும்?" "ரொம்ப சோர்வா இருக்கும் சார்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களக் கேக்கல தம்பி, அதைக் கேக்கறேன்." அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் பட்டபாடு. வெறும் வயிற்றோடு விடிகாலையில் ரத்தம் கொடுக்கச் சொன்னார், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார், இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. "மூளை மேலேர்ந்து வேலை செய் வேலை செய்னு கத்திக்கிட்டே இருக்கு, கீழ உள்ளவனுக்குக் காது கேக்கல" என்றார். தைராய்டாக இருந்திருக்கக் கூடாதா. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

"அரக்கு வேணாம்னா இதப் பாருங்க, மயில்கழுத்துப் பச்சை" என்று மீசைக்காரர் அடுத்ததைச் சுற்றிக்கொள்கிறார். இந்துஜா நிமிர்கிறாள். பச்சை அவளுக்குப் பிடித்துவிட்டது, கழுத்து நீண்டதிலேயே தெரிகிறது. "மொகூர்த்தத்துக்கு பச்சையா? அரக்குதாண்டி லெச்சணம்" என்கிறாள் அத்தை. "நல்லாத்தான் இருக்கு பச்சையும்" என்கிறாள் என் அம்மா, யார் மனமும் நோகக் கூடாது அவளுக்கு. ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எனக்கும் எடுத்துப் போட்டுத்தான் காட்டினார் டாக்டர், இவரைப் போலவே ஒன்றை விரித்துவிட்டு அதை மடிக்காமல் அடுத்ததை. ஊசி என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில். கொஞ்ச நாளில் ஆளே மாறிவிடுவீர்கள், தூக்கம் போகும், கையில் பலம் வரும், எலும்புக்கு நல்லது, ஆசை வரும், மீசைகூட வரலாம் என்றார். எனக்கு அங்கேயே சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது, இப்பவே போடுங்கள் சார் என்று. "இருங்க இருங்க" என்றார். வெளியிலிருந்து கிடைக்கிறது என்று தெரிந்தால் உள்ளே மிச்சம் இருக்கிற வேலையும் நின்றுபோகும், விந்தில் உயிரணு கொஞ்ச நஞ்சம் இருந்தாலும் அதுவும் இல்லாமல் போகும், பிள்ளை வேண்டும் என்கிறவன் ஊசிக்கு அவசரப்படக் கூடாது என்றார். அப்புறம் அந்தப் பரிசோதனை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்களே, அதைப் பற்றி நினைக்க வேண்டாம். தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, ஆனால் இருக்கிறது என்று வந்தது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரு புள்ளைக்கு ஒண்ணு போதும் தம்பி. இருக்கறப்பவே எடுத்து உறைய வச்சுடுங்க, திருச்சியில பண்றாங்க. அப்புறம் ஊசியப் பேசலாம்."

ஜெல்லும் இருக்கிறது என்றார். தினமும் காலையில் குளித்துவிட்டுத் தோளில் தடவிக்கொள்ள வேண்டும், காய்கிறவரைக்கும் நிற்க வேண்டும், பிறகு சட்டை போட்டு மூடிக்கொள்ள வேண்டும். பெண்டாட்டி கை அந்த இடத்தில் படக் கூடாது, பட்டால் அவளுக்கும் ஏறும், அவளுக்கு மீசை அரும்பினாலும் அரும்பும். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. ஆண்மையைத் தோளில் பூசிக்கொண்டு பெண்டாட்டி சாய்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்கிற புருஷன். இந்துஜா சாய்கிற ஜாதி. நிச்சயதார்த்தத்தன்று போட்டோ எடுக்கும்போது என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள், போட்டோக்காரன் சொல்லாமலே. அவள் வேலை செய்கிற இ-சேவை மையத்துக்கு வருகிற கிழவிகளுக்கு ரேகை அழிந்துபோய் மெஷின் எடுக்காதாம், அவர்கள் கட்டைவிரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடு பண்ணி வைப்பாளாம், சில சமயம் எடுத்துவிடுமாம். போனில் இதைச் சொன்னபோது எனக்கு அவள் மேல் வந்தது பார், அது ஆசை இல்லாமல் வேறென்ன, ரத்தத்தில் இல்லாவிட்டால் என்ன. ஆனால் அதே போனில் அவள் குட்நைட் சொல்லிவிட்டு வைக்காமல் நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்திருக்கும்போது, எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. முதல் ராத்திரியில் கொட்டாவி வந்தால் என்ன செய்வது. மாத்திரை ஒன்றும் இருக்கிறது, மூளையை இன்னும் பலமாகக் கத்தவைக்கிற மாத்திரை, ஆனால் உங்களுக்குத்தான் மூளை ஏற்கெனவே தொண்டை கிழியக் கத்துகிறதே, பிரயோசனம் குறைவு என்றுவிட்டார். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம் என்றார், நடை, தூக்கம், உடம்பைக் குறைப்பது, ஆனால் போனது அதனால் திரும்பி வராது, நாள்பட எலும்பு உளுத்துப்போகும். நான் ராத்திரியெல்லாம் போடுகிற கணக்கு வேறு. திருச்சியும் வேண்டாம், இந்துஜாவுக்குச் சொல்லவும் வேண்டாம், வேறு ஒரு டாக்டரிடம் நேரே போய் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டால் கல்யாணத்துக்குள் ஆம்பிளையாகிவிடலாம், பிள்ளை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை பிறக்காவிட்டால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ராஜாத்தி அத்தையைக் கேட்டார்கள். அத்தை சுற்றாத கோயில் இல்லை, பிடிக்காத விரதம் இல்லை, கும்பகோணத்தில் இரண்டு லேடி டாக்டர் பார்த்தாள், மாமா ஒருநாள்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. மாமா செத்து ஆறு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை ஓடும். இவ்வளவும் பார்த்து வளர்ந்த நான்தான் ராத்திரி இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" டாக்டர் கேட்டதும் என் கழுத்து சில்லிட்டது, அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி வந்து விழுந்த மாதிரி. எட்டாம் வகுப்பு. இரண்டு காதுக்குக் கீழேயும் வீங்கி முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. பொன்னுக்கு வீங்கி என்றால் பொன் போட்டால் இறங்கிவிடும், இதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டு, கன்னத்தில் சந்தனத்தை அப்பி, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று உட்காரவைத்தாள். எனக்குக் கொண்டாட்டம். வந்தவர்கள் எல்லாம் "பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்று கேலி செய்தார்கள், அத்தை மல்லிகைப்பூகூட வைத்துவிடப் பார்த்தாள். முகம் வடிந்தது, பொன் வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடி காய்ச்சல் தூக்கியது. கீழே வலித்தது. லேசாக இல்லை, யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுகிற மாதிரி, அங்கேயும் வீங்கிச் சிவந்துபோயிற்று. யாரிடம் சொல்வேன். அந்த வயதில் அந்த இடத்துக்கு வீட்டில் ஒரு பேரே கிடையாது. அந்த மாதம்தான் வகுப்பில் பையன்கள் சொல்லிக்கொடுத்ததைத் தனியாக இருக்கும்போது செய்து பார்த்திருந்தேன், சாமி பார்த்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பினேன். அம்மா நெற்றியில் கை வைத்து, "எங்கடா தங்கம் வலிக்குது?" என்று கேட்டாள். கால் குடைகிறது என்றேன். கால். பாவம், அம்மா இரண்டு கால்களையும் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தைலத்தை ஊற்றி ராவெல்லாம் தேய்த்தாள். அவள் காலை அசைக்க அசைக்க எனக்கு உயிர் போயிற்று, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கழுத்தில் சங்கிலி வேர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது தம்பி" என்றார் டாக்டர். "வலிக்கு மாத்திரை குடுத்திருப்பாங்க, படுக்கச் சொல்லியிருப்பாங்க. சிலருக்கு இப்படி ஆவும், உங்களுக்கு ஆயிடுச்சு." ஆறுதலுக்காகச் சொன்னாரோ உண்மையோ, எனக்கு அது ஆறுதலாக இல்லை. சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று இருந்தால்கூட ஒரு பிடிமானம் இருந்திருக்கும், அந்தப் பதின்மூன்று வயதுப் பையனைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். அதுவும் இல்லை. அவன் மேல் தப்பில்லை, அம்மா மேல் தப்பில்லை, சங்கிலி மேல்கூடத் தப்பில்லை. மிச்சம் இருப்பது இப்போது இந்த மெத்தையில் உட்கார்ந்திருக்கிற நான்தான், எனக்குப் பதின்மூன்று வயது இல்லை, அந்த இடத்துக்கு எனக்கு மூன்று பாஷையில் பேர் தெரியும். டாக்டர் கடைசியில் கேட்டார், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?" சொல்லணும் சார் என்றேன். "சொல்லிட்டு வாங்க. இதுல பாதி முடிவு அவங்களோடது, அவங்க இல்லாம நான் எதையும் ஆரம்பிக்கறதா இல்ல." இரண்டு தடவை போனில் ஆரம்பித்தேன். ஒரு தடவை "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றுகூட வந்துவிட்டது. "சொல்லுங்க" என்றாள். அந்தச் "சொல்லுங்க"வில் ஒரு வெட்கம் இருந்தது, அவள் வேறு எதையோ எதிர்பார்த்துவிட்டாள். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால், தெரிந்த அன்றைக்கே சொல்லியிருந்தால், தெரிந்த மறுநாளாவது. நாள் ஆக ஆக விஷயத்தோடு நாளும் சேர்ந்து கனக்கிறது. இப்போது சொன்னால் இதைச் சொன்னதாகவும் ஆகும், இவ்வளவு நாள் சொல்லாததைச் சொன்னதாகவும் ஆகும். "மணி பத்தாயிடுச்சு, எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்கடி" என்று அத்தை கைப்பையைத் திறக்கிறாள். டப்பா வெளியே வருகிறது.

"அவரக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று இந்துஜா எழுந்துவிட்டாள். இரண்டு புடவையையும் கைக்கொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறாள். "போ போ, இப்பவே புருஷனக் கேட்டுத்தான் மூச்சு விடுவா போலருக்கு" என்று அத்தை சிரிக்கிறாள், மீசைக்காரர் சிரிக்கிறார். தூண் ஓரம் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வந்து மண்டியிட்டுப் புடவைகளை விரிக்கிறாள், அங்கிருந்து பார்க்கிறவர்களுக்குப் புடவை பேசுகிறதாகத்தான் தெரியும். இதுதான், இதைவிடச் சமயம் கிடைக்காது. வாயைத் திறக்கிறேன், அவள் முந்திக்கொள்கிறாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு சொல்லலன்னா எனக்கு இந்தப் புடவையக் கட்டவே மனசு வராது." முகத்தைப் பார்க்காமல் ஜரிகையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். "எனக்கு மாசாமாசம் சரியா வராதுங்க. ரெண்டு மாசம் மூணு மாசம்கூட தள்ளிப் போவும். ஸ்கேன்ல நீர்க்கட்டினு சொன்னாங்க. மாத்திரை சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிருவோம்னேன், அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க, விடல. குழந்தை ஆவறதுக்கு லேட்டானா லேட்டாவும். சீக்கிரமும் ஆவலாம்னுதான் டாக்டர் சொல்றாங்க, ஆனா எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." ஜரிகையை விரலால் நீவிக்கொண்டே இருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஐயோ, நிம்மதிதான், வேறு பெயர் வைத்துப் பிரயோசனமில்லை. இரக்கம் அப்புறம் வந்தது, பிரியமும் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது அப்பாடா என்கிற நிம்மதி, இனி ஊரார் கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது என்று நெஞ்சுக்குள் யாரோ காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "இதுக்கா இவ்ளோ? இப்பல்லாம் யாருக்குத்தான் இது இல்ல. பரவால்ல இந்துஜா, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றேன். நல்ல குரலில் சொன்னேன், எனக்கே பிடித்திருந்தது. அவள் கண் நிரம்பிவிட்டது. மூக்கைப் புறங்கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கு உங்க வீட்டுல யாராச்சும் ஏதாச்சும் கேட்டா என் பக்கம் நிப்பீங்களா?" "நிப்பேன்." நிப்பேன் என்று சொன்ன வேகத்தில்தான் அது தோன்றியது. இப்போது சொன்னால் எவ்வளவு சுலபம், உனக்கும் இருக்கிறது எனக்கும் இருக்கிறது, இரண்டு பேருமாகத் திருச்சிக்குப் போவோம், உன் மாத்திரையையும் என் ஊசியையும் ஒரே டாக்டரிடம் காட்டுவோம். இவ்வளவு பெரிய கதவை அவள் திறந்து வைத்திருக்கிறாள், நான் தலைகூடக் குனிய வேண்டாம். "இந்துஜா, எனக்கும்..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை. இருபத்தெட்டு வருஷத்தில் என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை, பெரிய ஆம்பிளையைப் பார்க்கிற பார்வை, ஊசியும் ஜெல்லும் எத்தனை வருஷம் போட்டாலும் தராத ஒன்று அதில் இருந்தது. "எனக்கும்னா? என்னங்க?" "மருமவனே, கொஞ்சுனது போதும், ராகு காலம் வந்துரும்" என்று அத்தை கத்தினாள். "எனக்கும் அந்த அரக்குதான் புடிச்சிருக்கு" என்றேன்.

அவள் ஒரு நொடி பச்சையைப் பார்த்தாள். பிறகு அதை மடித்தாள், விசிறி விசிறியாக, கடைக்காரர்கள் மடிக்கிற மாதிரியே ஒழுங்காக. "அப்ப அரக்கே எடுத்துக்கலாம்த்தை, அவருக்குப் புடிச்சிருக்கு" என்று எழுந்து போனாள். போன நடையில் எவ்வளவு லேசு. இரு என்று கூப்பிடலாம். எழுந்து போய்க் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகலாம், மாப்பிள்ளை அவசரம் என்று கேலி செய்வார்கள், செய்தால் செய்யட்டும். கால் மரத்துப்போயிருந்தது, மெய்யாகவே மரத்துப்போயிருந்தது. அத்தை டப்பாவைத் திறந்து மோதிர விரலால் தொட்டு ஒரு மூலையில் வைத்தாள். "ஏங்கம்மா, பில்லு போடறதுக்கு முன்னாடி..." என்று மீசைக்காரர் கையை நீட்டினார். இரண்டாவது மூலை, மூன்றாவது. நாலாவது மூலை இந்துஜாவின் மடியில் கிடந்தது, அவளே எடுத்து அத்தையிடம் நீட்டினாள். "மஞ்ச வச்சாச்சு" என்றாள் அத்தை. என் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிள்ளை ஆளாகிவிட்டான் என்கிற சிரிப்பு. இந்துஜா தன் அம்மாவின் காதோடு ஏதோ சொன்னாள், அந்த அம்மாள் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள், பிறகு ரோஸ் மில்க் தம்ளரை எடுக்க வருகிறவள் மாதிரி நடந்து வந்து என் பக்கத்தில் குனிந்தாள். "சொல்லிட்டாளாமே மாப்ள. நீங்க ஒண்ணுமே சொல்லலியாமே. என் வயித்துல பால வாத்தீங்க. நான்தான் அவ வாயை அடைச்சு வச்சிருந்தேன், பொண்ணப் பெத்தவ பயம். உங்ககிட்ட மறைச்சது நெஞ்ச அறுத்துக்கிட்டே இருந்துச்சு, ராவுல தூக்கமில்ல. என்னை மன்னிச்சுக்கங்க." வயசானவள், கும்பிட்டே விட்டாள். நான் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன். "என்னங்கத்தை இது, விடுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களே, அதுவே பெருசு" என்றும் சொன்னேன்.